ஒரு நுகத்துக் காளைகள்

ஏரிலும் வண்டியிலும் இரண்டு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டுகின்றோம். அவற்றுள் ஒன்று முந்தி இழுக்க, மற்றொன்று பின்தங்குமாயின் நுகம் சாயும். வண்டி தடம் மாறும். இரண்டும் ஒத்து நடப்பின் பாரம் எளிதாகும். இஃது உழவர் வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அறிந்ததே. ஆனால், ஒரே நுகத்தில் பூட்டிய அவ்விரு காளைகளையும் நோக்கி, "உங்களுள் எது விரைந்து ஓடுகின்றதோ அதற்கே பரிசு" என்று கூறினால் என்ன நிகழும்? ஒத்து நடப்பதா? முந்தி ஓடுவதா? இத்தகைய இக்கட்டான நிலையில் நின்று தொழில் செய்பவர் மோட்டார்ப் பந்தய வீரர். அவர்தம் வரலாற்றில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனை எண்ணிப் பார்க்குமாறு என்னைத் தூண்டியவர் ஏலாக்குறிச்சிச் சிறுவர் சிலர்.

ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். இத்தாலி நாட்டிற் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் போந்த வீரமாமுனிவர் நெடுநாள் தங்கித் தமிழ்ப்பணி புரிந்த ஊர் அது. பள்ளிப் பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர் யான் அவ்வூரிலேயே தங்கிவிட்டேன். மாலை வேளைகளில் என்பால் பயின்ற மாணவரும் அவர்தம் தம்பியரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்வர். ஊர்ச் செய்தி, உலகச் செய்தி யாவும் ஆங்கு ஆராயப்படும்.

2025ஆம் ஆண்டு, போகித் திருநாளன்று மாலை. திண்ணையில் வழக்கத்தினும் மிக்க ஆரவாரம். சிறுவர் இரு பிரிவாகப் பிரிந்து வழக்காடிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவன் மட்டும் ஒன்றும் பேசாது தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தான். ஊர்ச் சடுகுடு அணியின் தலைவன் அவன். வலக் கணுக்காலில் துணி சுற்றியிருந்தது. இரண்டு நாளைக்கு முன் பயிற்சியின்போது கால் பிசகிவிட்டதாம். காணும் பொங்கலன்று அடுத்த ஊர் அணியுடன் ஆட வேண்டும். அவன் முகம் வாடியிருந்ததன் காரணம் எனக்கு விளங்கிற்று.

"ஐயா, தாங்கள் நடுநின்று ஒரு தீர்ப்புக் கூறல் வேண்டும்" என்றான் ஒருவன்.

"வழக்கு யாது, தம்பி?" என்றேன்.

அவன் கூறிய செய்தி இது. திரைப்பட நடிகரும் மோட்டார்ப் பந்தய வீரருமாகிய அஜித்குமார் 2024ஆம் ஆண்டில் தம் பெயராலேயே ஒரு பந்தய அணியை நிறுவினார். அவ்வணி 2025 ஜனவரி 11, 12ஆம் நாள்களில் துபாயில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்திற் கலந்துகொண்டது. இப்பந்தயத்தில் ஒரு வண்டியை ஒருவரே ஓட்டுவதில்லை. பலர் தம்முள் முறை வைத்து, இரவும் பகலும் மாறி மாறி ஓட்டுவர். பந்தயத்துக்குச் சில நாள்களுக்கு முன், பயிற்சியின்போது அஜித்குமார் ஓட்டிய வண்டி தடுப்புச் சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் காயமின்றித் தப்பினார். ஆயினும், தம் உடல்நலத்தையும் அணியின் வெற்றியையும் கருதி, அவ்வணியின் வண்டியை ஓட்டும் பொறுப்பினின்றும் அவர் விலகிக்கொண்டார். மத்தியூ டெட்ரி, பாபியன் டுபியூ, கேமரூன் மெக்லியோட் ஆகிய அயல்நாட்டுத் துணைவர் வண்டியைச் செலுத்தினர். அஜித்குமார் வேறொரு வகுப்பைச் சார்ந்த வேறொரு வண்டியில் தம் முறைக்கு ஓட்டியதோடு, தம் அணிக்குத் தலைவராய் நின்று ஊக்கமளித்தார். அவ்வணியின் வண்டி தன் வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றது.

"தம் பெயர் தாங்கிய அணி, தம் முயற்சியால் தோன்றிய அணி. அதன் வண்டியைப் பிறர் ஓட்டத் தாம் பார்த்து நிற்பதா? அது தோல்வியன்றோ?" என்றான் ஒருவன். "அன்று, அதுவே வெற்றி" என்றான் மற்றொருவன்.

"இதற்கு உடனே விடை கூறுதல் இயலாது. பந்தய அணி என்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பின்னர் நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்" என்றேன். அன்று யான் அவர்கட்குக் கூறியவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

மோட்டார்ப் பந்தயத்தைப் பார்ப்போர் கண்ணுக்குத் தெரிபவர் வண்டிக்குள் அமர்ந்திருக்கும் ஒருவரே. ஆதலின் வெற்றியும் தோல்வியும் அவர் ஒருவர்க்கே உரியன என எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. நம் அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். குறுகிய வழியில் லாரியைப் பின்னே செலுத்த வேண்டுமாயின், கிளீனர் கீழே இறங்கி நின்று, "வா, வா, போதும்" என்று குரல் கொடுக்கின்றான். ஓட்டுநரின் கண் எட்டாத இடத்தில் அவன் கண் வேலை செய்கின்றது. அவன் குரலை நம்பியே அத்துணைப் பெரிய வண்டி நகர்கின்றது. பந்தய வண்டிக்கும் இத்தகைய கண்கள் பல உண்டு.

பார்முலா 1 எனப்படும் உலகப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தின் நடுவே டயர்களை மாற்றுதற்கு வண்டி தன் அணியின் நிறுத்திடத்துக்கு வருகின்றது. அங்கே இருபதின்மர் அளவினர் ஆயத்தமாய் நிற்கின்றனர். சக்கரம் ஒன்றுக்கு மூவர். ஒருவர் மறையைக் கழற்றுவார். ஒருவர் பழைய சக்கரத்தை எடுப்பார். ஒருவர் புதிய சக்கரத்தைப் பொருத்துவார். வண்டியின் முன்னும் பின்னும் நின்று அதனைத் தூக்குவோர் வேறு. இத்துணைப் பேரும் தம் பணியை முடித்து வண்டியை விடுத்தற்குக் கொள்ளும் நேரம் இரண்டு அல்லது மூன்று நொடி. 2023ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் நடந்த பந்தயத்தில் மக்லாரன் அணியினர் நான்கு சக்கரங்களையும் 1.80 நொடியில் மாற்றினர். நாம் ஒருமுறை மூச்சை உள்ளிழுத்து வெளிவிடும் நேரங்கூட அன்று! அவருள் ஒருவர் கை தவறினும் ஓட்டுநர் பல சுற்றுகளில் முயன்று பெற்ற முன்னிலை பறிபோகும். பரிசு வழங்கும் மேடையில் ஏறுபவர் ஓட்டுநர். ஆனால் அம்மேடைக்குப் படி அமைத்தவர் இவர்களே.

நம் தமிழகத்து வீரர் ஒருவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். சென்னையைச் சார்ந்த கருண் சந்தோக் 2010ஆம் ஆண்டில் ஹிஸ்பானியா என்னும் புதிய அணியின் ஓட்டுநராகச் சேர்ந்தார். அவ்வாண்டின் முதற் பந்தயம் பஹ்ரைன் நாட்டில் நடந்தது. அணி புதியது, பொருள் வளம் குறைந்தது, வண்டியோ இன்னும் முற்றும் பூட்டப்படவில்லை. ஏனைய அணியினர் பயிற்சி ஓட்டம் ஓடிக்கொண்டிருக்க, ஹிஸ்பானியா அணியின் மெக்கானிக்குகள் உறக்கமின்றி வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தனர். பயிற்சி வேளைகள் யாவும் கழிந்தன. தகுதி ஓட்டத்தின்போதே கருண் சந்தோக் தம் வண்டியை முதன்முதலாகத் தடத்தில் ஓட்டினார். மறுநாள் பந்தயத்தின் இரண்டாம் சுற்றிலேயே வண்டி விபத்துக்கு உள்ளாயிற்று. அத்தனை பேர் உழைப்பும் சில நிமிடத்தில் முடிந்தது. ஆயினும் அணியினர் மனம் தளரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆஸ்திரேலியப் பந்தயத்தில் அவர் 14ஆம் இடத்தில் ஓட்டத்தை நிறைவு செய்தார். அவ்வணி தன் வரலாற்றில் ஒரு பந்தயத்தை முடித்தது அதுவே முதன்முறை. அந்த 14ஆம் இடத்தின் அருமையை, உறக்கமின்றி உழைத்த அம்மெக்கானிக்குகளே நன்கு உணர்ந்திருப்பர்.

இவரன்றி, பெயர் வெளிப்படாத மற்றொரு துணைவரும் உண்டு. அவரே சோதனை ஓட்டுநர். அவர் வண்டியைத் தனித் தடத்தில் ஓட்டி, அதன் குறை நிறைகளை ஆய்ந்து கூறுவார். பந்தய நாளன்றோ மற்றொருவர் அவ்வண்டியில் ஏறிச் செல்வார். கோவையில் வளர்ந்தவரும், 2005ஆம் ஆண்டில் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்றவருமாகிய நாராயண் கார்த்திகேயன் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வில்லியம்ஸ் அணியில் இப்பணியை ஆற்றினார். முன்னர்க் களத்தில் ஓடிய ஒருவர், பின்னர்ப் பிறர் ஓடுதற்கு வண்டியைச் செப்பம் செய்து கொடுத்தார். விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்று இதனைக் குறைவாக எண்ணுதல் கூடாது. வயல் ஒன்றே, விளைவும் ஒன்றே.

இனி, காளைகளின் உவமைக்கு வருவோம். பார்முலா 1 பந்தயத்தில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வண்டிகள், இரண்டு ஓட்டுநர். ஓட்டுநர்க்கு உரிய உலகப் பட்டம் ஒருவர்க்கே கிடைக்கும். வண்டி அமைத்த அணிக்கு உரிய பட்டம் 1958ஆம் ஆண்டு முதல் தனியே வழங்கப்படுகின்றது. அதற்கு இருவர் பெற்ற புள்ளிகளும் கூட்டப்படும். ஆகவே, அணியின் கணக்கில் இருவரும் தோழர். பட்டத்தின் கணக்கில் இருவரும் போட்டியாளர். அஃதன்றியும், இருவர்க்கும் ஒரே வகை வண்டி. எதிரணி வீரனிடம் தோற்றவன், "அவன் வண்டி என் வண்டியினும் சிறந்தது" என்று கூறித் தப்பலாம். தன் அணித்துணைவனிடம் தோற்றவன் அங்ஙனம் கூற இயலாது. ஆதலின், ஓட்டுநர் ஒருவரின் திறமையை அளக்கும் முதற்கோல் அவர்தம் துணைவரே ஆவார்.

இந்நிலையிலும் போட்டியும் தோழமையும் ஒருங்கே வாழ முடியும். 2005ஆம் ஆண்டில் நாராயண் கார்த்திகேயனும், போர்ச்சுகல் நாட்டவராகிய தியாகோ மாண்டேரோவும் ஜோர்டான் அணியின் துணைவராய் ஓடினர். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்க நாட்டு இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த பந்தயத்தில், டயர்களின் குறைபாட்டால் 14 வண்டிகள் போட்டி தொடங்கும் முன்னரே விலகின. எஞ்சிய ஆறு வண்டிகளே ஓடின. அவற்றுள் மாண்டேரோ மூன்றாம் இடமும், நாராயண் நான்காம் இடமும் பெற்றனர். மேடை ஏறியவர் மாண்டேரோ. ஆனால் அவருடைய 6 புள்ளிகளும் நாராயணனின் 5 புள்ளிகளும் ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டன. அவ்வாண்டு முழுதும் ஜோர்டான் அணி ஈட்டியவை 12 புள்ளிகள். அவற்றுள் 11 புள்ளிகள் அந்த ஒரே நாளில், இருவர் உழைப்பாலும் வந்தவை.

போட்டி பகையாகத் திரிந்தால் யாது நேரும்? அதற்கும் சான்று உண்டு. 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், இத்தாலியில் இமோலா என்னும் இடத்தில் நடந்த பந்தயத்தில் பெராரி அணியின் வண்டிகள் இரண்டும் முன்னணியில் ஓடின. ஒன்றைக் கனடா நாட்டு வீரர் கில் வில்னவ் ஓட்டினார். மற்றொன்றைப் பிரெஞ்சு வீரர் திதியே பிரோனி ஓட்டினார். 'விரைவைக் குறைக்க' என்று அணியினர் பலகை காட்டினர். இருவரும் இருந்த வரிசையிலேயே முடித்தல் வேண்டும் என்பது அதன் பொருள் என்று வில்னவ் கொண்டார். முந்தக் கூடாது என்பது அதன் பொருளன்று என்று பிரோனி கொண்டார். இறுதிச் சுற்றில் பிரோனி முந்திச் சென்று வென்றார். தம் தோழர் தம்மை வஞ்சித்தார் என்று வில்னவ் உள்ளம் கொதித்தார். இனி அவரோடு பேசுவதில்லை எனவும் உறுதி கொண்டார். இரண்டு வாரம்கூட நிறைந்திலது. மே 8ஆம் நாள் பெல்ஜிய நாட்டில், தகுதி ஓட்டத்தின்போது வில்னவின் வண்டி மற்றொரு வண்டியின் மீது மோதித் தூக்கி எறியப்பட்டது. அவர் உயிர் நீத்தார். அவ்விபத்துக்கு அப்பகையே காரணம் என்று அறுதியிட்டுக் கூறுதல் முறையன்று. ஆனால், இரு நண்பர் ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசித் தெளியும் வாய்ப்பு என்றென்றைக்கும் இல்லாது போயிற்று. ஒரு பலகையில் எழுதிய ஒரு சொல்லுக்கு இருவர் இரு பொருள் கொண்டனர். அப்பொருளை முன்னரே தெளிவாக உரைத்து வைக்காமை அணியின் குறையே.

சரி, அணித் தலைவர் தெளிவாகக் கட்டளையிட்டுவிட்டால் எல்லாம் சீராகிவிடுமோ? அதுவும் இல்லை. 2002ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஆஸ்திரியாவில் நடந்த பந்தயத்தில் பெராரி அணியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ தொடக்கம் முதல் முன்னணியில் ஓடினார். அவருக்குப் பின்னே அவர்தம் துணைவர் மைக்கேல் ஷூமாக்கர். பட்டத்துக்கு உரிய புள்ளிகள் ஷூமாக்கருக்குச் சேர வேண்டும் என்று கருதிய அணியினர், வழி விடுமாறு பாரிக்கெல்லோவுக்குக் கட்டளையிட்டனர். கடைசிச் சுற்றில், முடிவுக் கோட்டுக்கு மிக அருகில், அவர் தம் வண்டியின் விரைவைக் குறைத்தார், ஷூமாக்கர் முந்தினார். கூடியிருந்த மக்கள் மகிழ்ந்தனரோ? இல்லை, இகழ்ந்து கூவினர். வென்றவரும் நாணமுற்றுத் தம் துணைவரை மேடையின் முதற்படியில் ஏற்றி நிறுத்தினார். மேடை ஒழுங்கை மீறியதற்காக அணிக்கும் வீரர்க்கும் பெருந்தொகை தண்டமாக விதிக்கப்பட்டது. பந்தய முடிவை மாற்றும் இத்தகைய கட்டளைகள் அடுத்த ஆண்டு முதல் தடை செய்யப்பட்டன. பின்னர் 2011ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. சட்டத்தால் இதனை முழுதும் கட்டுப்படுத்த இயலாமை கண்டனர் போலும்!

மாணவர்களே! இமோலாவில் ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை, கசப்பு விளைந்தது. ஆஸ்திரியாவில் ஒருவர் விட்டுக்கொடுத்தார். ஆங்கும் கசப்பே விளைந்தது. அங்ஙனமாயின், விட்டுக்கொடுத்தல் நன்றா, தீதா?

இதற்கு விடை கூறுவது 1956ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று. வீரமாமுனிவர் பிறந்த ஊர் இத்தாலியின் வட பகுதியில் உள்ள லொம்பார்டி நாட்டுப்புறத்தைச் சார்ந்தது. அதே லொம்பார்டியில் மிலான் நகருக்கு அருகில் மான்சா என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூர்ப் பந்தயத் தடம் உலகப் புகழ் வாய்ந்தது. அங்கே 1956 செப்டம்பர் 2ஆம் நாள், அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் நடந்தது. பெராரி அணியின் தலைமை ஓட்டுநர் அர்ஜென்டினா நாட்டவராகிய யுவான் மானுவல் பாஞ்சியோ. அவர் அகவை 45. முன்னரே மூன்று முறை உலகப் பட்டம் பெற்றவர். அதே அணியில் பீட்டர் காலின்ஸ் என்னும் ஆங்கில இளைஞரும் இருந்தார். அவர் அகவை 24.

பாஞ்சியோவுக்கு அதுவரை 30 புள்ளிகள். காலின்ஸுக்கு 22 புள்ளிகள். பந்தயத்தில் வென்றவர்க்கு 8 புள்ளி. மிக விரைவான சுற்றை ஓடியவர்க்கு மேலும் 1 புள்ளி. ஆகவே, பாஞ்சியோ புள்ளி ஏதும் பெறாது விலக, காலின்ஸ் இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவாராயின், பட்டம் காலின்ஸுக்கே உரியதாகும். அரியதே ஆயினும் கைக்கு எட்டாத வாய்ப்பன்று அது. ஓட்டத்தின் நடுவே பாஞ்சியோவின் வண்டி பழுதுற்று நின்றது. ஒருவர் ஓட்டிய வண்டியை மற்றொருவர் வாங்கி ஓட்டுதற்கு அந்நாளில் விதி இடம் தந்தது. டயர் மாற்ற வந்த அணித்துணைவர் லூயிஜி முசோவிடம் வண்டியைக் கேட்டனர். அவர் இறங்கவில்லை. முசோ இத்தாலியர், தம் நாட்டு மக்கள் முன்னிலையில் வென்று காட்ட விழைந்தவர். அவரைக் குறை கூறுதற்கு நமக்கு உரிமை இல்லை.

பின்னர்க் காலின்ஸின் வண்டி நிறுத்திடத்துக்கு வந்தது. பாஞ்சியோ ஓரமாக நின்றுகொண்டிருந்தார். காலின்ஸ் வண்டியினின்றும் இறங்கினார். தம் இருக்கையைப் பாஞ்சியோவுக்கு அளித்தார். அந்த நொடியே தம் பட்டத்துக்கு உரிய வாய்ப்பையும் உடன் அளித்தார். பாஞ்சியோ அவ்வண்டியில் இரண்டாம் இடம் பெற்றார். வண்டியைப் பகிர்ந்தமையால் அவ்விடத்துக்கு உரிய 6 புள்ளிகள் இருவர்க்கும் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. நான்காம் முறையாக உலகப் பட்டம் பாஞ்சியோவுக்குக் கிடைத்தது. தமக்கு இன்னும் இளமை இருக்கின்றது. காலமும் இருக்கின்றது என்பதே காலின்ஸின் எண்ணமாயிருந்தது.

இச்செயலின் பின்னே மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தில் நடந்த பந்தயத்தில் காலின்ஸின் வண்டி பழுதுற்றது. அப்பொழுது டி போர்டாகோ என்னும் துணைவரின் வண்டியை வாங்கி ஓட்டியே காலின்ஸ் இரண்டாம் இடம் பெற்றார். ஒருவர் இறங்கித் தந்த இருக்கையில் அமர்ந்தவர், மற்றொருவர்க்குத் தம் இருக்கையினின்றும் இறங்கித் தந்தார். உதவி என்பது கொடுத்தவர்க்கே திரும்பி வர வேண்டும் என்னும் நியதி இல்லை. அது கைம்மாறிக் கைம்மாறி அணி முழுதும் உலவுவது.

யான் இவ்வளவில் நிறுத்தினேன். தூணில் சாய்ந்திருந்த சடுகுடுத் தலைவன் அப்பொழுதே வாய் திறந்தான்.

"ஐயா, காலின்ஸ் பின்னர் உலகப் பட்டம் பெற்றாரா?"

அவ்வினாவை யான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

"இல்லை, தம்பி. 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் விபத்துற்று அவர் இறந்தார். அப்பொழுது அவர் அகவை 26. காலம் இருக்கின்றது என்று எண்ணினார். அது இல்லாது போயிற்று."

திண்ணையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

"அங்ஙனமாயின் அவர் ஏமாந்தவர்தாமே?" என்றான் அவன். அவன் குரல் சற்றே கம்மியது.

"தம்பி, பரிசை மட்டும் எண்ணிப் பார்ப்பின் நீ கூறுவது சரியே. பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை; அதனை யான் இல்லை என்று கூறேன். விட்டுக்கொடுத்தவர்க்குப் பின்னர் இருமடங்கு கிட்டும் என்று பொய் கூறி உங்களை ஆற்றுவிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார். ஆஸ்திரியாவில் பாரிக்கெல்லோவின் இடம் அவரிடமிருந்து வாங்கப்பட்டது. மான்சாவில் காலின்ஸின் இடம் அவராலேயே கொடுக்கப்பட்டது. செயல் ஒன்றே போலத் தோன்றுகின்றது. ஆயின் முன்னதைக் கண்டோர் இகழ்ந்தனர். பின்னதை எழுபது ஆண்டு ஆகும் நிலையிலும் உலகம் போற்றுகின்றது. கொடுத்தவர் உள்ளத்தில் விருப்பம் இருந்ததா, இல்லையா என்பதே இரண்டற்கும் உள்ள வேறுபாடு."

"துபாயில் நடந்ததையும் அவ்வாறே காண வேண்டுமா, ஐயா?" என்றான் வழக்கைத் தொடங்கியவன்.

"ஆம். அங்கே இடத்தை விட்டவரே அணிக்குத் தலைவர். அவரை விலகு என்று ஆணையிட வல்லார் எவர்? 24 மணி நேரம் ஓடும் வண்டியில் ஒருவர் தளர்ந்தாலும் ஏனையோர் உழைப்பு வீணாகும். 'யான் ஓட்டினால் எனக்கு மகிழ்ச்சி. யான் விலகினால் வண்டிக்கு நன்மை' என்னும் இரண்டையும் துலாக்கோலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அச்சத்தால் விலகுபவன் களத்தைவிட்டே போய்விடுவான். அவரோ வேறு வண்டியிலும் ஓட்டினார். தம் அணியினரோடும் நின்றார். இனித் தீர்ப்பை நீங்களே கூறிக்கொள்ளுங்கள்."

சிறுவர் ஒவ்வொருவராக எழுந்து சென்றனர். சடுகுடுத் தலைவன் மட்டும் எழவில்லை.

"ஐயா, எனக்குப் பதிலாக ஆடுதற்கு ஒரு சிறுவன் இருக்கின்றான். பதினாறு வயது. நன்றாகவே ஆடுவான். ஆனால் யான் மூன்று ஆண்டுகளாக இந்த ஆட்டத்தையே எண்ணிப் பயின்றேன். காலைக் கட்டிக்கொண்டு ஆடிவிடலாம் என்றே இருந்தேன். தாங்கள் என்ன சொல்கின்றீர்கள்?"

"யான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தம்பி. விட்டுவிடு என்று யான் சொன்னால் அது என் கட்டளையாகிவிடும். உன் காலின் நோவு உனக்குத்தான் தெரியும், உன் அணியின் தேவையும் உனக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவன் விடையேதும் கூறாது நொண்டிக்கொண்டே சென்றான்.

காணும் பொங்கலன்று மாலை யானும் ஆட்டம் காணச் சென்றேன். சடுகுடுக் களத்தில் அச்சிறுவன் நின்றான். அவன் அணிந்திருந்தது தலைவனின் சட்டை. அவன் உடலுக்குச் சற்றே பெரிது. தலைவன் களத்தின் ஓரத்தில், கோலூன்றி நின்றான். எதிரணியினர் ஒவ்வொருவரும் எப்பக்கம் திரும்புவர், எக்காலை முன்வைப்பர் என்பதையெல்லாம் மூன்று ஆண்டுகளாகக் கண்டு வைத்தவன் அவன். பாடி வருவோன் கோட்டைத் தாண்டும்போதெல்லாம், "இடப்பக்கம் பார்! கையை நம்பாதே, காலைப் பார்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தான். அச்சிறுவன் அவன் குரலுக்கு ஏற்ப நகர்ந்தான். முடிவில் எதிரணித் தலைவனையே மடக்கிப் பிடித்தான். ஊரார் ஆரவாரித்தனர்.

எனினும் நம் ஊர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. சிறுவன் மண்ணில் அமர்ந்து கண் கலங்கினான். தலைவன் மெல்ல அவனருகிற் சென்று, தோளைத் தொட்டு எழுப்பினான்.

"அழாதே, தம்பி. அந்தப் பிடியை இந்தக் காலோடு யான் பிடித்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு நாம் இருவரும் சேர்ந்து பிடிப்போம்" என்றான்.

அவன் கூறிய 'நாம் இருவரும்' என்னும் சொல்லே அன்று எனக்கு வெற்றியாகத் தோன்றிற்று. நுகத்தின் ஒருபுறம் தன் தோளைக் கொடுப்பவன், மறுபுறத்துத் தோளின் வலிமையையும் தன் வலிமையாக எண்ணல் வேண்டும். முந்த வல்லவனாயின் முந்துக, அது வீரம். முந்த இயலாத நிலையில் தோழன் முந்துதற்குத் துணை நிற்க, அதுவும் வீரமே. ஆனால், அத்துணை பிறர் ஏவலால் அன்றித் தன் உள்ளத்தினின்றும் எழுதல் வேண்டும். அணி என்பது அங்ஙனம் எழும் உள்ளங்களின் தொகுதியே ஆகும்.

பயிற்சி

1. மோட்டார்ப் பந்தய அணியின் இரு ஓட்டுநரும் தோழராகவும் போட்டியாளராகவும் இருத்தல் எங்ஙனம்? விளக்குக.

2. லாரிக் கிளீனரின் பணியும் பந்தய அணியினர் பணியும் எவ்வகையில் ஒத்துள்ளன?

3. 2002ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் நடந்ததற்கும், 1956ஆம் ஆண்டு மான்சாவில் நடந்ததற்கும் உள்ள வேற்றுமையை எழுதுக.

4. "காலின்ஸ் ஏமாந்தவர்தாமே?" என்னும் வினாவுக்கு உம் கருத்தில் தோன்றும் விடையைப் பத்து வரிகளில் எழுதுக.

5. நீவிர் ஆடும் விளையாட்டு ஒன்றில், தாம் ஆடாமலே அணிக்குத் துணை நின்ற ஒருவரைப் பற்றி ஒரு பத்தி வரைக.